இருபத்து மூன்றாம் கேள்வி

மார்ச் 3

அன்புள்ள வாத்திக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. மணி பன்னிரண்டே கால். பகலில் எழுதலாம் என்று மூன்று நாளாகப் பார்க்கிறேன், பகல் என்று ஒன்று எனக்குத் தனியாக வருவதே இல்லை. பொடிசு இப்போதுதான் கண்ணை மூடினாள். பல் முளைக்கிறது, என் தோள்தான் அகப்படுகிறது. இவருக்கு இந்த வாரம் ஆஸ்பத்திரியில் இரவுப் பணி. கையெழுத்து கோணலாக இருந்தால், இன்னொரு கை தொட்டிலில் இருக்கிறது என்று புரிந்துகொள்.

நீ நலம்தானே? உன் நலத்தை நான் ஒரு வரியில் கேட்டுவிட்டு என் கதைக்கு வந்துவிடுவேன் என்று ஹாஸ்டலிலேயே சொல்வாய். இதோ வந்துவிட்டேன்.

உங்கள் மின் நிறுவனம் கேட்ட கட்டண உயர்வுக்குப் போன மாதம் எங்கள் ஆணையம் பொது விசாரணை வைத்ததே, அன்று நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு தையல்காரர் எழுந்தார். கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றாமலே வந்திருந்தார்.

“நூறு யூனிட் வாங்கினா பதினெட்டு யூனிட் கம்பியிலயே காணாமப் போகுதுன்னு போட்டிருக்கீங்க. நான் பத்து மீட்டர் துணி வாங்கி, ரெண்டு மீட்டரை வழியில காணோம்னு கஸ்டமர்கிட்ட சொன்னா விடுவாங்களா? இந்தப் பதினெட்டை யாரும்மா எண்ணிப் பாத்தது?”

தலைவர் என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து, “சரிபார்க்கப்பட்டது” என்றேன். தையல்காரர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எப்படிச் சரிபார்த்தேன் என்று உனக்குத் தெரியும். சாப்பாட்டு இடைவேளையில் மாடிப்படியில் நின்று உனக்குப் போன் செய்தேன். “அது வருஷா வருஷம் பதினெட்டுதான் கொசு, டிக் போட்டுட்டுப் போ” என்றாய். போட்டேன்.

இப்போது விஷயம். எங்கள் ஊழியர்களுக்கு என்ன பயிற்சி தேவை என்று மதிப்பிட ஒரு அம்மாள் வந்திருக்கிறார். ஆளுக்கு நாற்பது கேள்வி கொண்ட ஃபார்ம். கட்டண விதி தெரியுமா, கணக்கு அறிக்கை படிக்கத் தெரியுமா என்று ஒவ்வொன்றுக்கும் நமக்கு நாமே ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். சட்டப் பிரிவுக்காரர் எல்லோருக்கும் வழி சொல்லிவிட்டார்.

“கண்ணை மூடிட்டு நாலு போடுங்க. அஞ்சு போட்டா, அப்ப உனக்கு எதுக்குப் பயிற்சிம்பாங்க. மூணு போட்டா, அப்ப உனக்கு எதுக்கு வேலைம்பாங்க.”

“நீச்சல் தெரியுமான்னு கேட்டிருந்தாலும் நாலுதானா சார்?” என்றாள் தட்டச்சு அக்கா.

“நாலுதாம்மா. முங்குற அன்னிக்குப் பாத்துக்கலாம்.”

நானும் சிரித்தேன். இருபத்து மூன்றாம் கேள்வி வரைக்கும். அது இப்படி இருக்கிறது: ‘ஒரு விஷயம் புரியாதபோது முதலில் யாரைக் கேட்கிறீர்கள்? பெயர் வேண்டாம். அவர் எங்கே வேலை செய்கிறார் என்று மட்டும் எழுதவும்.’

என் உண்மையான பதில் ஒரே வரி. நாங்கள் யாரைக் கண்காணிக்க வேண்டுமோ, அந்த நிறுவனத்தில். பெயர் எழுதாவிட்டாலும் அது நீதான் என்று எங்கள் ஆபீசில் தெரியாதவர் கிடையாது; என் கல்யாணத்தில் வாசலில் நின்று அத்தனை பேரையும் வரவேற்றவள் நீ. உனக்குச் சங்கடம் வரும். எனக்கும் வரும், ஜூன் மாதம்தான் என் வேலை நிரந்தரமாக வேண்டும், அதுவரை வாலைச் சுருட்டிக்கொண்டு இருக்க வேண்டியவள் நான்.

ஆனால் அந்தத் தையல்காரர் தலையாட்டியது மனதை விட்டுப் போகவில்லை. எழுதட்டுமா, வேண்டாமா? பதினேழாம் தேதி ஃபார்மைக் கொடுக்க வேண்டும்.

உன்
கொசு


மார்ச் 9

கொசுவுக்கு,

பேருக்கு ஏற்ற மாதிரி கடித்துவிட்டாய். இரண்டு நாளாகச் சொறிந்துகொண்டிருக்கிறேன்.

பொடிசின் பல்லுக்கு ஈரத் துணியைக் குளிரவைத்துக் கொடு என்று இங்கே பக்கத்து மேஜைக்காரி சொல்கிறாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், அதனால் நம்பலாம்.

எழுதாதே. மேலதிகாரி என்று எழுது. அவரையும் ஏதோ ஒரு நாள் கேட்டிருப்பாய், முழுப் பொய்யும் ஆகாது. நான் உனக்குச் சொன்னது எதுவும் ரகசியம் இல்லை. எங்கள் மனுவில் அச்சடித்து இருப்பதைத்தான் விளக்கினேன். ஆனால் கேட்கிறவர் காதில் அது அப்படி விழாது. ‘கண்காணிக்கிறவளுக்குப் பாடம் எடுத்தது யார்?’ என்றுதான் விழும். பிரிவுத் தலைவர் பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது. ஏப்ரலில் பட்டியல் வரும். ஒன்பது வருஷம் காத்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு மனதில் வைத்துக்கொண்டிருந்தாய் என்று நீ சொல்லக்கூடாது. உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உறைத்தது பயம் மட்டும் இல்லை. ஸ்நேகிதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ என்னை ஒரு ஃபார்மின் கட்டத்துக்குள் பிடித்துப் போட்டுவிட்டாய்.

பதில் வேண்டாம். ‘மேலதிகாரி’ என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கு.

வாத்தி


மார்ச் 22

அன்புள்ள வாத்தி,

பதில் வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை, கோபித்துக்கொண்டே படி.

நீ சொன்னபடியே ‘மேலதிகாரி’ என்று எழுதி, பதினேழாம் தேதி ஃபார்மைக் கொடுத்தேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பத்தொன்பதாம் தேதி அந்தப் பயிற்சி அம்மாள் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் மேஜைப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஃபார்ம் பாதிதானாம். மீதியை, ஆள் வேலை செய்யும்போது பக்கத்தில் இருந்து பார்த்துத் தெரிந்துகொள்வாராம்.

“பெரிய கணக்கு வேண்டாம். ஒரே ஒரு தெரு. இது அந்தத் தெருவுக்கு அனுப்பின யூனிட். இது வீட்டு மீட்டர் ஒவ்வொண்ணா படிச்சு எழுதின தாள். எவ்வளவு காணோம்னு சொல்லுங்க.”

கூட்டிக் கழிக்கிற வேலைதான். தாளைப் பிரித்தேன். இரண்டு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், அப்படி ஒரு தாளை அன்றைக்குத்தான் கண்ணால் பார்க்கிறேன். எட்டு வீடுகளுக்கு எதிரே எண்ணே இல்லை. ‘பூட்டு’ என்று எழுதியிருந்தது. வீடு பூட்டியிருந்ததால் மீட்டரைப் படிக்கவில்லை. அந்த எட்டையும் பூஜ்யம் என்று எடுத்தால் அவ்வளவும் காணாமல் போன மின்சாரம் ஆகிவிடும். போன மாத அளவை எடுத்தால் வேறு விடை. எது முறை?

என் கை தானாகப் போனை எடுத்தது. உன் பெயர் வரைக்கும் விரல் போய்விட்டது.

“யாருக்கு?” என்றார் அம்மாள்.

“கம்பெனில ஒருத்தங்களுக்கு.” வாயில் வந்துவிட்டது.

“ஃபார்ம்ல மேலதிகாரின்னு இருக்கே?”

“பயத்துல போட்டேங்க.”

அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பதினாலு பேர்ல பதிமூணு பேர் மேலதிகாரின்னு போட்டிருக்காங்க. அவர்கிட்ட போனா, ‘என்னை யாரும் ஒண்ணும் கேக்கறதே இல்லீங்களே’ன்னு வருத்தப்படறார்.”

பதினாலாவது ஆள் அந்த மேலதிகாரியேதான். அவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்.

“நீங்க மாத்தி எழுதறீங்களா? உங்க இஷ்டம்தான். ஆனா ஆளுக்கு ஆள் நாலு போட்டு மேலதிகாரின்னு எழுதிட்டா, இந்த ஆபீசுக்கு ஒரு பயிற்சியும் தேவையில்லைன்னு எழுதிட்டு நான் கிளம்ப வேண்டியதுதான்.”

மாற்றி எழுதினேன் வாத்தி. அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால், யாராவது கண்டுபிடிக்கும் வரை தினமும் பயந்துகொண்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. நேராகச் செயலாளர் அறைக்குப் போய், நீ என் ஸ்நேகிதி என்றும், மனுவில் புரியாததை உன்னிடம் கேட்டேன் என்றும் எழுதிக் கொடுத்தேன். எழுத்தில் கொடுத்தால் பெயர் வேண்டும் என்றார். உன் பெயரை எழுதினேன். நீ வேண்டாம் என்று சொன்ன பிறகும். இதற்கு எனக்குச் சமாதானம் எதுவும் இல்லை, சொல்லவும் போவதில்லை.

என்னை மின்சாரக் கோப்பிலிருந்து எடுத்துத் தண்ணீர்க் கோப்பில் போட்டிருக்கிறார்கள். பதினெட்டை மறுபடி எண்ணச் சொல்லியிருக்கிறார்கள். ஜூனைப் பற்றிக் கேட்டேன். “பாக்கலாம்மா” என்றார் செயலாளர். அந்தப் ‘பாக்கலாம்’ என்ற ஒரு வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுவந்து, இவரிடம் பத்து விதமாகச் சொல்லிக் காட்டி, எந்த விதத்தில் சொன்னார் என்று கேட்டேன். “ராத்திரி ஷிப்டுக்குப் போறவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?” என்றார். பிறகு பொடிசைத் தூக்கிக்கொண்டு, என்னைச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அக்கம்பக்கம் பார்க்காமல் திட்டு. வாங்கிக்கொள்கிறேன்.

உன்
கொசு


ஏப்ரல் 30

கொசுவுக்கு,

திட்டுவதற்காக ஐந்து கடிதம் எழுதிக் கிழித்தேன். ஆறாவதில் திட்டு தீர்ந்துவிட்டது.

எங்கள் மேலாளர் கூப்பிட்டுக் கேட்டார். ஆமாம், விளக்கினேன் என்றேன். “அவங்க கேட்டா, ஆபீஸ் மூலமா நமக்குக் கடிதம் போடச் சொல்லியிருக்கணும்” என்றார். அவ்வளவுதான். பட்டியலில் என் பெயர் இல்லை. இதனால்தானா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று வாரம் உன்மேல் அப்படியொரு கோபம்.

அந்தக் கோபத்தில்தான் பதினெட்டு எங்கிருந்து வந்தது என்று தேடப் போனேன். சரியாகத்தான் சொன்னேன் என்று உன் முகத்தில் அடிக்க வேண்டும் எனக்கு. பழைய கோப்பு அறையில் நாலு நாள், தும்மித் தும்மி. ஏழு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் பூட்டியிருந்த வீட்டையெல்லாம் பூஜ்யம் என்று கூட்டியிருக்கிறார். அதற்கடுத்த வருஷக்காரர் அதைப் பார்த்து எழுதினார். அவரைப் பார்த்து நான். என்னைப் பார்த்து நீ. உன்னைப் பார்த்து ஆணையம். நானே உட்கார்ந்து கூட்டினேன், பதினான்கு வருகிறது. மேலாளர் முகத்தைச் சுளித்தார், பிறகு அவரும் ஒரு தடவை கூட்டினார். திருத்திய மனு அடுத்த வாரம் முறைப்படி உங்கள் ஆபீசுக்கு வரும். இங்கேயும் யாருக்கு என்ன தெரியும் என்று பார்க்கப்போகிறார்களாம். அந்த வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். தண்டனையா மரியாதையா என்று தெரியவில்லை.

அது போகட்டும். இனி உன் போன் வராது என்றான பிறகு, கடந்த இரண்டு வருஷத்தில் நாம் பேசியதில் கட்டம், சதவீதம், மனு இதையெல்லாம் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது என்று யோசித்தேன். எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

எட்டு மாதமாக இந்த வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். உன்னிடம் சொல்ல எந்தப் போனிலும் இடம் வரவில்லை. குறை சொல்லவில்லை. நீ கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிட்டு வைக்கிறவள்தானே நானும்.

வாத்தி


மே 4

என் வாத்தி,

கடிதம் மதியம் வந்தது. ஆபீசில் பிரித்துப் படித்துவிட்டு, கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். தட்டச்சு அக்கா வந்து கதவைத் தட்டி, “ஜூன் பைல்ல செயலாளர் கையெழுத்து போட்டாச்சாம், இன்னும் எதுக்கு அழற?” என்றாள். அதற்காக அழவில்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்ல?

உன் பட்டியலில் உன் பெயர் இல்லாததற்கு நான் காரணம். கையெழுத்து விழுந்த சந்தோஷத்தில் பாதி அதனால் போய்விட்டது. மறைக்கவில்லை, மீதிப் பாதி சந்தோஷம்தான்.

வாரத்தில் இரண்டு நாள் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடக்கிறது. சட்டப் பிரிவுக்காரர் முதல் பெஞ்சில் உட்கார்ந்து எங்களைவிட அதிகமாகக் கேள்வி கேட்கிறார். தண்ணீர்க் கோப்பில் ஒரு கணக்கு புரியவில்லை. கேட்க ஆள் இல்லாமல் நாங்கள் மூன்று பேர் இரண்டு நாள் உட்கார்ந்து கண்டுபிடித்தோம். அது போதும், ஆபீஸ் பேச்சு இதோடு முடிந்தது.

எட்டு மாதம் என்றால் பொடிசுக்கு அப்போது மூன்று மாதம். நான் வேலைக்குத் திரும்பிய புதிது. தினம் ஒரு தடவையாவது உன்னோடு பேசினேன். ஒரு நாள் உன் குரல் அடைத்திருந்தது, சளியா என்று கேட்டேன், ஆமாம் என்றாய், நான் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன். அன்றைக்குத்தானா?

இப்போது கேட்கிறேன், தாமதமாகத்தான். என்ன நடந்தது? சண்டையா, சண்டைகூட இல்லாமலா? சாயங்காலம் வீட்டுக்குப் போனால் யாரிடம் பேசுகிறாய்? சமைக்கிறாயா, பிஸ்கட்டும் டீயுமாக ஓட்டுகிறாயா? அம்மாவுக்குத் தெரியுமா? இதில் ஒன்றுக்காவது பதில் சொல்லப் பிடிக்கவில்லை என்றால், பிடிக்கவில்லை என்று எழுது, அதுவும் எனக்குத் தெரிய வேண்டியதுதான்.

பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை இவருக்கு விடுமுறை. காலை ரயிலில் ஏறினால் மதியம் உன் வீட்டில் இருப்பேன். பொடிசோடு வரவா, தனியாக வரவா? டிக்கெட் எடுக்க வேண்டும், சீக்கிரம் பதில் போடு.

உன்
கொசு