கடல் பிளந்த படம்

பஹ்ரைன்

அன்பு அருள்மொழிக்கு,

வீரமணி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உன் இடுப்புவலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

ஈஸ்டர் அன்று காற்று அதிகம் என்று எங்கள் படகு கடலுக்குப் போகவில்லை. சமையல்காரர் வர்க்கீஸ் அறையில் ஒரு பழைய ஆங்கிலப் படம் போட்டார். பைபிள் கதை. அடிமை ஜனங்கள் தப்பி ஓடுகிறார்கள். பின்னால் ராஜாவின் படை, முன்னால் கடல். தாடிக்காரர் ஒருவர் கையைத் தூக்கியதும் கடல் இரண்டாகப் பிளந்தது.

மணப்பட்டு சாமிக்கண்ணு அண்ணன் சிரித்தார். "இன்னாடா இது, கடல பாத்தவன் எடுத்த படமா?"

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாதாம். தொட்டியில் தண்ணீர் கொட்டுவதைப் பிடித்து, படத்தைப் பின்னோக்கி ஓட்டினார்களாம். வர்க்கீஸ்தான் சொன்னார்.

ஆனால் படையும் கடலுக்குள் இறங்கியதும் அதே அண்ணன் எழுந்து நின்று, "புள்ளைங்கள தூக்கிக்கினு ஓடுங்கடா!" என்று கத்தினார். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. தந்திரம் தெரிந்த பிறகும் அது எப்படி என்று இன்னும் யோசிக்கிறேன்.

படம் முடிந்ததும் அண்ணன், "எம் பொண்ணுக்கு நீச்சல் வருமான்னு கூட எனக்குத் தெரியாதுபா" என்றார். ஐந்து வருஷமாக ஊருக்கு வராத மனிதர், மறுநாளே முதலாளியிடம் லீவு கேட்டு வாங்கிவிட்டார். இந்தக் கடிதத்தை அவர்தான் கொண்டுவருகிறார்.

அவர் திரும்பும்போது நாரத்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. ஒரு போர்வையும் வேண்டும், ஏசி குளிர்கிறது. புதுசு வாங்காதே, நீ போர்த்துகிறதையே கொடு.

அண்ணனை ஏற்றிப்போக வேன் வந்துவிட்டது.

உன்
வீரமணி