கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்த பிறகு

வெண்டெல்,

நீ தூங்குகிறாய், எழுப்பவில்லை. பீன்ஸ் சூப் அடுப்பின் மேல் இருக்கிறது. தண்ணீர் இறைக்கப் பக்கத்து வீட்டு லாயிட் மோட்டாரோடு வருவான். அவனிடம் சாவியைக் கொடுக்காதே. போன தடவை கொடுத்தது இன்னும் திரும்பவில்லை.

நேற்றுத் தண்ணீர் புகுந்ததும் நீ சேர்த்து வைக்கும், ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்பால் கார்டுப் பெட்டிகளைத்தான் முதலில் மேலே தூக்கி வந்தாய். "கல்யாண ஆல்பம் எங்கே?" என்று கேட்டேன். "இந்தக் கார்டெல்லாம் இருபது வருஷம் கழிச்சு வீடே வாங்கித் தரும்டி. ஆல்பம் என்ன தரும்?" என்றாய்.

ஆல்பம் ஊறிப்போய்விட்டது. உலர்த்தியதில் சில சின்னப் படங்கள்தான் தேறின. அவற்றை உன் கார்டு உறைகளில் போட்டேன். அளவு கச்சிதம். கடைசிப் படத்துக்கு மட்டும் உறை இல்லை. அதனால் நீ பொக்கிஷமாகக் காக்கும் அந்தப் புதுப் பந்துவீச்சாளன் கார்டை அதன் காந்த மூடி போட்ட கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு, கல்யாணத்தன்று நீ மூக்கில் கேக்கோடு நிற்கும் படத்தை அதில் வைத்தேன்.

கோரீன்

பி.கு.: பந்துவீச்சாளன் சர்க்கரை டப்பா பக்கத்தில் படுத்திருக்கிறான். இடுக்கியால்தான் எடுத்தேன், விரல் படவில்லை.

இன்னொன்று: மூக்கில் கேக் இருப்பவனை யார் கேட்டாலும் விற்காதே. அவனை நான் நீண்ட காலத்துக்கு வைத்திருக்கப் போகிறேன்.