காலனிக்குள் வராத வேன்

ஜூன் 9, திங்கள்

காலை ஏழுக்கே புழுக்கம். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். இடது செருப்பின் வார் அறுந்துவிட்டது. ஷூ கம்பெனியில் ஹெச்.ஆர்., காலில் ஊக்கு குத்திய செருப்பு.

தையல் பிரிவில் இன்றும் பதினாலு மெஷின் சும்மா. மாதக் கடைசிக்குள் ஆள் நிரப்பச் சொல்கிறார் மேனேஜர். "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு வேலை செய்யவே பிடிக்கல ரேவதி" என்றார். நானும் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன், தெரியவில்லை.

செய்ய வேண்டியது:
- அனந்தபுரம் சந்தையில் நோட்டீஸ்
- நின்றுபோனவர்களின் படிவங்களை எடுத்துப் பார்ப்பது
- செருப்பு

ஜூன் 10, செவ்வாய்

இன்டர்வியூ. கூப்பிட்டது இருபது, வந்தது ஆறு. ஒரு பெண்ணோடு அவள் அம்மாவும் வந்து எல்லாக் கேள்விக்கும் அம்மாவே பதில் சொன்னார். பி.எஸ்சி. முடித்த ஒருத்தி ஒன்றே ஒன்று கேட்டாள்: "உக்காந்துக்கினு செய்யற வேலையா, நின்னுக்கினு செய்யறதா?" ஆரம்பத்தில் நிற்கவேண்டும் என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கோபம் வரவில்லை. நியாயமான கேள்வி.

மதியம் படிவங்கள். மூன்று மாதத்தில் நின்றவர்கள் பத்தொன்பது பேர். காரணம் என்ற இடத்தில் எல்லோருக்கும் "சொந்தக் காரணம்". எல்லாம் நான் எழுதியது. அவர்கள் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நிற்பார்கள், நான் எழுதிவிடுவேன்.

முகவரியை இன்றுதான் கவனித்தேன். பதினொரு பேர் ஒரே ஊர். கிளியனூரைத் தாண்டி உள்ளே. பதினொரு பேரும் காலனி. அதே ஊரின் மெயின் ரோட்டு ஸ்டாப்பில் ஏறும் மற்ற ஒன்பது பேரும் இன்னும் வேலையில் இருக்கிறார்கள்.

பதினொன்றில் ஒருத்தி சுமதி. ஷூவின் மேல்பாகத்தை அவள்போல நேராகத் தைக்க ஆளில்லை. ஏப்ரலில் என் அறைக்கு வந்து கம்பெனி வேன் பற்றி ஏதோ சொன்னாள். நான் போனில் இருந்தேன். "பார்க்கலாம்மா" என்றேன். என்ன சொன்னாள் என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை.

ஜூன் 11, புதன்

பதினொரு பேருக்கும் போன். மூன்று பேர் எடுக்கவில்லை. இரண்டு நம்பர் உபயோகத்தில் இல்லை. ஒரு வீட்டில் கணவர் எடுத்து, இனி அனுப்புவதாக இல்லை என்று வைத்துவிட்டார். நாலு பேர் அப்புறம் பேசுவதாகச் சொன்னார்கள். சுமதி பேசினாள்.

"வேன் எங்க தெருவுக்கு வராது மேடம். விடியறதுக்கு முன்ன சவுக்குத் தோப்பு வழியா ஒன்றரை கிலோமீட்டர் நடந்துக்கினு மெயின் ரோட்டுக்கு வரணும். ரெண்டு பேரு பைக்ல பின்னாடியே வந்தானுங்க. உங்ககிட்ட சொன்னேனே."

ஏப்ரலில் வந்தது இதற்குத்தான். "நீங்க போன்ல இருந்தீங்க" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வேன் டிரைவரிடம் விசாரித்தேன். உள்ளே ரோடு சரியில்லை, வண்டி திருப்ப முடியாது என்கிறார்.

ஜூன் 12, வியாழன்

அரை நாள் லீவு. என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் அந்த ஊருக்குப் போனோம். சிமென்ட் ரோடு. காலனித் தண்ணீர் டேங்க் பக்கத்தில் ஸ்கூல் பஸ் ஒரே மூச்சில் திரும்பியது. பார்த்துக்கொண்டே நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. இவர், "வந்த வேலை முடிஞ்சுதா?" என்றார்.

மதியம் மறுபடி டிரைவர். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போறதுல எனக்கு ஒண்ணுமில்ல மேடம். அங்க மொதல்ல ஏத்திக்கினு வந்தா முன்சீட்டெல்லாம் அவங்க புடிச்சிப்பாங்கன்னு ரோட்டு ஸ்டாப்ல சொல்றாங்க. எதுக்கு பேஜாருன்னு விட்டுட்டேன்."

சீட்டு. இவ்வளவுதான். இதற்காகப் பதினொரு பேர்.

ஜூன் 13, வெள்ளி

மேனேஜரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஊர் விவகாரத்தில் கம்பெனி தலையிடுவது சரிவராது என்றார். இது அநியாயம் சார் என்று சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது வேறு: "சும்மா கிடக்கிற பதினாலு மெஷின்ல பதினொண்ணு இந்த ஒரு தெருவால சார்."

அது காதில் ஏறியது. திங்கள் முதல் வேன் உள்ளே போகட்டும், அதனால் ரோட்டு ஸ்டாப் ஆட்கள் வேலையை விட்டு நின்றால் நான்தான் பதில் சொல்லவேண்டும் என்றார்.

பாத்ரூமில் முகம் கழுவினேன். ஜெயித்த மாதிரியே இல்லை. மெஷின் கணக்குச் சொல்லித்தான் கேட்க முடிந்தது.

பேசியவர்கள் எல்லோருக்கும் தகவல் சொல்லியாயிற்று. சுமதி மட்டும், "மொதல்ல வேன் வரட்டும் மேடம்" என்றாள்.

ஜூன் 15, ஞாயிறு

உட்கார முடியவில்லை. துணி அலமாரியை இரண்டு தடவை அடுக்கினேன். குழம்பில் உப்புப் போட மறந்தேன். ஒன்பது பேரும் நின்றுவிட்டால்? என் வேலையும் போகும். நாளை நானும் வேனில் போகிறேன். மாலையே திண்டிவனம் வந்துவிட்டேன், சித்தி வீட்டில் தங்கல். பஸ் ஸ்டாண்டில் லேசான தூறல். புதுச் செருப்பு கடிக்கிறது.

ஜூன் 16, திங்கள்

வேன் உள்ளே திரும்பியபோது டேங்க் அடியில் மூன்று பேர். கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னேன். நாலாவதாகச் சுமதி, சாப்பாட்டுப் பையோடு வேகமாக நடந்து வந்தாள். மூன்று பேரும் பழக்கத்தில் பின்னால் போனார்கள். சுமதி முன்சீட்டில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள்.

மெயின் ரோட்டில் ஒன்பது பேர். முதலில் ஏறியவர் பேக்கிங் பிரிவு அக்கா, எப்போதும் அந்தச் சீட்டில் வருபவர். படியிலேயே நின்றுவிட்டார்.

"அது என் எடம்."

"காலியா இருந்துச்சு, உக்காந்தேன்" என்றாள் சுமதி.

அக்கா என்னைப் பார்த்தார். டிரைவரும் கண்ணாடியில் என்னைத்தான் பார்த்தார்.

"பின்னாடி எடம் இருக்குதுக்கா. ஏறுங்க, நேரமாகுது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

அவர் இறங்கிவிட்டார். பிறகு கடைசியில் நின்ற ஒருத்தி அவரைச் சுற்றிக்கொண்டு வந்து ஏறினாள். அடுத்து இருவர். அடுத்து ஒருத்தி. மொத்தம் ஏழு பேர் ஏறினார்கள். அக்காவும் இன்னொருத்தியும் ரோட்டிலேயே.

ஒரு நிமிடம் பார்த்தேன்.

"எடுங்க" என்றேன் டிரைவரிடம்.