ஸாமித் இருந்த இடத்தில் ஃபாயிக்

நவம்பர் 9
லாகூரின் நான்கு பெருங்கவிஞர்களில் மூவர் என்னைக் கண்டு நடுங்குகிறார்கள், நான்காமவன் நான். அப்பேர்ப்பட்ட ஃபாயிக், ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. நண்பன் ஸாமித் இறந்து நாற்பது நாள் ஆயிற்று. அவன் மனைவி தஹ்மீனா இன்று அவனுடைய கஸல் கவிதை நோட்டைக் கொடுத்தார். "பார்த்துப் புத்தகமா போடுங்க தம்பி. உங்களை விட்டா அவருக்கு யாரு?"

நவம்பர் 14
கஸலின் கடைசி ஈரடியில் கவிஞன் தன் புனைபெயரைப் பதிக்க வேண்டும். அவனுடையது:

விளக்கை நீ அணைத்தாலும், ஸாமித்,
வீடு உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

ஸாமித், ஃபாயிக் — இரண்டுக்கும் ஒரே மாத்திரை. பெயரை மாற்றினேன்; சந்தம் இம்மியும் பிசகவில்லை. சும்மா மாற்றிப் பார்த்தேன். சும்மாதான்.

நவம்பர் 15
பக்கத்து அறையில் இருமல். ஸாமித்தின் இருமல். போய்ப் பார்த்தேன் — யாருமில்லை.

நவம்பர் 22
கல்லூரியில் முஷாயிரா, கவியரங்கம். அந்தக் கஸலையே வாசித்தேன், என் பெயரோடு. கைதட்டலில் ஊரை மூடிய புகைமூட்டமே கலைந்து, எல்லை தாண்டி அமிர்தசரஸ் போய்விட்டது. "முகர்ரர்! முகர்ரர்! இன்னொரு தடவை, சாகிப்!"

இன்னொரு தடவை சொன்னேன். வாயில் வந்தது ஸாமித்.

நான் சொல்லவில்லை. சத்தியமாக நான் சொல்லவில்லை!

கூட்டம் எழுந்து நின்றது. தலைவர் கண்ணைத் துடைத்தார். "தன் கவிதைல செத்த நண்பனுக்கு இடம் கொடுத்தீங்களே, என்ன மனுஷன்யா!" தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன். நிமிர்ந்தால், மூன்றாவது வரிசையில் தஹ்மீனா அண்ணி.

நவம்பர் 23
காலையிலேயே நோட்டோடு அண்ணி வீட்டுக்குப் போனேன். ஊரையே பேசி மயக்குகிறவன், நோட்டை நீட்டினேன்.

"மொதல் அடியிலேயே அவரோடதுன்னு தெரிஞ்சுது தம்பி. கடைசில யார் பேரைச் சொல்றீங்கன்னு பார்க்கத்தான் உக்காந்திருந்தேன்."

"ரெண்டாந்தடவை அவன் பேரைத்தானே சொன்னேன், அண்ணி?"

"அப்பவும் கைதட்டலை நீங்கதானே வாங்கிக்கிட்டீங்க?"

டீ கொடுத்தார். சர்க்கரை போடவில்லை.

நவம்பர் 24
உண்மையைச் சொல்ல ஒன்பது கடிதம் எழுதி ஒன்பதையும் கிழித்தேன். எல்லாவற்றிலும் நான் தியாகியாகவே வருகிறேன். எழவு, இதில்கூடவா நடிப்பேன்?

நவம்பர் 26
பத்தாவது, ஒரே வரி: அந்தக் கஸல் ஸாமித்துடையது, நான் திருடினேன். பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன்.

டிசம்பர் 3
அச்சாகிவிட்டது. பால்காரன்கூட சலாம் சொல்லவில்லை.

பிப்ரவரி 18
ஸாமித்தின் புத்தக வெளியீடு. எனக்கு அழைப்பில்லை, போனேன். கடைசி வரிசை. அண்ணியே வாசித்தார், நடுங்காத குரலில். ஓர் இளைஞன் என் பக்கத்துக் காலி நாற்காலியைக் காட்டி, "சாச்சா, இங்க உக்காரலாமா?" என்றான்.

"ஆள் இருக்குப்பா" என்றேன்.