அனகாவுக்கு மூன்று இட்லி

வியாழன், இரவு

மீனா ஒன்பதாம் வகுப்புக்குப் போனதிலிருந்து டப்பாவில் ஆறு இட்லி வைக்கிறேன். மூன்று அவளுக்கு, மூன்று அவள் தோழி அனகாவுக்கு. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி என்றால் அனகாவுக்கு உயிர் என்று மீனாதான் சொன்னாள். எங்கள் ஆரியசாலைப் பகுதியில் பாதிப் பேரிடம் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

இன்று மத்தியானம் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடப் பள்ளிக்குப் போனேன். வராந்தாவில் அனகா நின்றாள். "இட்லி இஷ்டப்பட்டோ மோளே?" என்று மலையாளத்தில் கேட்டேன். அவள் முழித்தாள்.

"ஞான் கழிச்சிட்டில்லல்லோ ஆன்ட்டி."

சாப்பிட்டதே இல்லையாம். மீனா இப்போது யாருடனும் உட்காருவதில்லை, லைப்ரரி மாடிப்படியில் தனியாகத்தான் சாப்பிடுகிறாள் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஏன் என்று கேட்டேன். "அறியில்ல", தெரியாது என்று நழுவிவிட்டாள்.

போய் எட்டிப் பார்த்தேன். முதுகுதான் தெரிந்தது. தண்ணீரைக் குடித்துக் குடித்து இட்லியை விழுங்கிக்கொண்டிருந்தாள். கூப்பிடாமலே திரும்பி வந்துவிட்டேன். என்ன தாய் நான்.

சாயங்காலம் காலி டப்பாவை நீட்டினாள். "அனகா இன்னிக்கும் மூணையும் தின்னுட்டாம்மா. நாளைக்கும் வச்சிரு, கேட்டியா."

"சரி மக்ளே" என்றேன்.

மாவு ஆட்டி வைத்தாயிற்று. காலையில் மூன்று மட்டும் வைத்தால், எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஆறு வைத்தால், ஆறையும் அந்தப் படியில் உட்கார்ந்து அவளே தின்று தீர்ப்பாள்.