அட்டையில் விழுந்த இரண்டாவது கோடு

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், மாப்பிள்ளை, உன் வாயாடி மகள் மூவரும் இப்போதைக்கு நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை குறுக்கே பேசுகிறாய், கடிதத்தில் அந்த வேலை நடக்காது. முழுக்கப் படித்துவிட்டுப் பிறகு கோபித்துக்கொள்.

பிள்ளைக்கு மலேரியா வந்து, மாத்திரை முழுவதும் கொடுத்து, சரியானது உனக்கே தெரியும். உடனே நீ ஒரு பெட்டி அனுப்பினாய். அதில் எதிர்ப்புச் சக்தி மாவு என்று டப்பா டப்பாவாக. வாயில் வைத்ததும் அவள் துப்பிவிட்டாள், மாப்பிள்ளைதான் தினமும் கலக்கிக் குடித்துத் தொந்தி போட்டிருக்கிறார். அதே பெட்டியில், விரலில் குத்தி மலேரியா இருக்கிறதா என்று பார்க்கிற அட்டைகளையும் வைத்திருந்தாய். வினை அங்கேதான். காய்ச்சல் நின்று இரண்டு மூன்று வாரம் ஆன பிறகு மறுபடியும் அவளுக்கு உடம்பு கொதித்தது. நான் ஹோட்டல் சலவை அறையில் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை பஞ்சர் கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, அட்டையில் ரத்தம் விட்டு, போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினார். மலேரியா இருந்தால் விழுகிற இரண்டாவது கோடும் விழுந்திருந்தது. நீ என்ன சொன்னாய்? அதே மலேரியாதான், போன தடவை கொடுத்த மாத்திரையையே வாங்கிக் கொடுங்க, ஆஸ்பத்திரி வரிசையில உக்கார வெச்சு வேற சீக்கை வாங்கிட்டு வராதீங்க என்றாய். அவரும் தலையாட்டிவிட்டு அந்த மாத்திரையைக் கொடுத்துவிட்டார். கடல் தாண்டி நீ சொன்னால் அவருக்கு வேதவாக்கு, எதிரே நின்று நான் சொன்னால் அது காற்றோடு போய்விடும்.

போன தடவை குளிரில் நடுங்கிக்கொண்டே என் சேலை நிறம் நன்றாயில்லை என்று குறை சொன்னவள், இந்தத் தடவை வாயே திறக்கவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் கால் சில்லிட்டிருக்கிறது, மூச்சு இரைக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றேன். மாத்திரை கேக்க ஒரு நாள் ஆகும்னு அவ சொன்னாளே அத்தை என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அடிக்காததுதான் பாக்கி. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்துவிட்டேன். பின்னாலேயே வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார், பாவம், முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

டாக்டரம்மா அவள் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கச் சொன்னார். மலேரியாக் கிருமி ஒன்றுகூட இல்லை. கிருமி செத்தாலும் அதோட கழிவு வாரக்கணக்கா ரத்தத்துல கிடக்கும்மா, அட்டை அதைப் பிடிச்சுக்கூடக் கோடு காட்டும் என்றார். இது வேறு கிருமி, வயிற்று வழியாக ரத்தத்தில் ஏறியிருக்கிறது. மலேரியா சிவப்பு அணுக்களை உடைத்துப் போட்டுவிட்டுப் போகுமாம். அந்தக் குப்பையை அள்ளியே உடம்பில் காவலுக்கு இருக்கிற அணுக்கள் ஓய்ந்துவிடுமாம், குடலும் பலவீனமாகிவிடுமாம். அந்த நேரம் பார்த்து இன்னொரு கிருமி நுழைந்தால் தடுக்க ஆளில்லை. ஒரு தடவை வந்தால் உடம்பு பழகிவிடும், இனி பயமில்லை என்று நீ போனில் தைரியம் சொன்னாயே, அதையும் கேட்டேன். பல தடவை வந்தாத்தான் உடம்பு கொஞ்சமாவது கத்துக்கும், அதையும் சீக்கிரம் மறந்துடும், சின்னக் குழந்தைக்கு ஒரு தடவையில என்ன பழகும் என்றார். மாவு டப்பாவைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தார். பிள்ளையைச் சாயங்காலம் வரைக்கும் வீட்டுலயே வெச்சிருந்தீங்கன்னா என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எனக்கு உயிரே போய்விட்டது, மகளே.

நீ வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் யாருக்காவது உடம்பு சுட்டால், நெற்றியைத் தொட்டு, மூச்சை எண்ணி, பிறகுதான் எதுவும் செய்வேன் என்று பெருமையாகச் சொல்வாய். உன் பிள்ளைக்கு மட்டும் ஓர் அட்டையின் போட்டோ போதுமா? அங்கிருந்து தொட முடியவில்லை என்ற தவிப்பில்தான் எல்லாவற்றையும் போனிலேயே பிடித்து ஆட்டுகிறாய். அது எனக்குப் புரிகிறது, புரிந்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஊசியெல்லாம் போட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். நேற்றிலிருந்து சோறு கேட்கிறாள், என் சமையலைக் குறை சொல்கிறாள். ரத்தம் ஊறி, உடம்பு தேற இன்னும் சில வாரம் ஆகுமாம். அதுவரை லேசாகச் சுட்டாலும் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. புதுக் கொசுவலை கட்டியாயிற்று, பழையதில் ஓட்டைதான் அதிகம். இனி மாவு அனுப்பாதே, மாப்பிள்ளைக்குச் சட்டை பத்தவில்லை.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், போன இடத்தில் எந்தக் குறையும் உனக்கு வரக் கூடாது. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இனி காய்ச்சல் என்றால் முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம்தான் உனக்குப் போன். மாப்பிள்ளையும் சரி என்றுவிட்டார். என்னைக் கேக்காம எப்படிப் போனீங்க என்று நீ கத்துவாய். நன்றாகக் கத்து. நீ கத்தி முடித்ததும் போனை வாங்கிப் பேச உன் வாயாடி இருப்பாள்.

இப்படிக்கு,
உன் மேல் இன்னும் கோபம் தீராத
அம்மா