கை தட்டாத ஒரு மணி நேரம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பியும் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குட்டிக்கு முன்பல் விழுந்த படம் பார்த்தேன். அசல் உன் வாய்தான், பாவம் மாப்பிள்ளை.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். வீட்டில் இருப்பது இரண்டு அறை. எங்கே நின்று பேசினாலும் தம்பி காதில் விழும். காதில் விழுந்ததை அவன் நாள் கணக்கில் வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்வான். நீ பள்ளிக்கூடம் படிக்கும்போது மறைத்த விஷயமெல்லாம் அவன் வாய் வழியாகத்தானே எனக்கு வந்து சேர்ந்தது.

ஓவிய அருங்காட்சியகத்தில் செவ்வாய்க்கிழமை காலையில் அமைதி நேரம் என்று ஒன்று வைத்திருப்பதை முன்பே எழுதியிருந்தேன். சத்தமும் வெளிச்சமும் தாங்காதவர்களுக்காக அந்த ஒரு மணி நேரம் விளக்கைக் குறைப்பார்கள். ஒலிபெருக்கி கிடையாது. கழிவறையில் கை உலர்த்துகிற இயந்திரத்தைக்கூட அணைத்துவிடுவார்கள். கை தட்டத் தோன்றினால் இரண்டு கையையும் தூக்கி விரலை ஆட்ட வேண்டும். இதற்கெல்லாம் பொறுப்பான பெண் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, வாசனை எதுவும் பூசாமல் வருவாள். தம்பி அவளுக்கு மெதுவக்கா என்று பேர் வைத்திருக்கிறான். உங்கப்பன் காலமெல்லாம் பேருந்து ஓட்டி, ஹாரன் அடித்தே சோறு போட்டவன். எனக்குப் பிறந்ததோ ஹாரன் கேட்டால் தரையில் சுருண்டுகொள்ளும் பிள்ளை. வெளியிடத்தில் அவன் பக்கத்தில் நான் நிம்மதியாக உட்கார்ந்தது அங்கேதான்.

அவன் பார்ப்பது ஒரே ஒரு படத்தை. ஒரு மேசை, அதன்மேல் வெள்ளைக் கிண்ணம். கிண்ணத்தில் ஒன்றும் இல்லை. இதில் என்னடா இருக்கு என்று ஒருநாள் கேட்டேன். இது பேசாது என்றான்.

அந்த இடத்துக்கு அவனைத் தனியாகப் போய்வரப் பழக்கினேன். எனக்குப் பிறகும் அவன் கால் தானாகப் போக ஓர் இடம் வேண்டும் என்பதுதான் என் எண்ணம். முதலில் அதே பேருந்தில் பின்சீட்டில் உட்கார்ந்து போனேன். அப்புறம் அடுத்த பேருந்தில் போய்த் தூணுக்குப் பின்னால் திருடன் மாதிரி ஒளிந்து நின்றேன். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் வீட்டிலேயே இருந்தேன். அவன் போய்விட்டுத் திரும்பி வந்து, பயணச்சீட்டை மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தான். நான் அழுதேன். இதில் வெட்கம் என்ன.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அமைதி நேரம் தொடங்கி ஒரு வருஷம் ஆனதைக் கொண்டாடுகிறோம் என்று விழா வைத்தார்கள். விழாவை வைத்ததும் அந்த அமைதி நேரத்திலேயே. வீட்டாரும் வர வேண்டும் என்றதால் நானும் போனேன். மெதுவக்கா எல்லாரிடமும் கை தட்டாதீங்க, விரலை மட்டும் ஆட்டுங்க என்று சொல்லி வைத்திருந்தாள். எல்லாரும் அப்படியே செய்தார்கள். சிறப்பு விருந்தினரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர் பேசி முடித்தார், கூட்டம் சத்தமில்லாமல் விரலை ஆட்டியது. மனுஷனுக்கு முகம் சுருங்கிவிட்டது. விழாவுக்கென்று வைத்திருந்த மைக்கை வாயருகே இழுத்து, என்னங்க, யாரும் கை தட்ட மாட்டீங்களா, பேச்சு அவ்வளவு மோசமா என்று சிரித்தார். பெரிய மனிதர் கேட்டுவிட்டாரே என்று கூடமே தட்டியது. மெதுவக்காவும் தட்டினாள். மேலதிகாரி பக்கத்திலேயே நின்றார், அவள்தான் என்ன செய்வாள். தம்பி அவள் கையைத்தான் பார்த்தான்.

காதைப் பொத்திக்கொண்டு கழிவறைக்கு ஓடினான். அன்றைக்கு விருந்தாளிகளுக்காக இயந்திரத்தைப் போட்டு வைத்திருந்தார்கள். அது அலறியது. விழாவுக்காக வந்த புதுக் காவலாளி ஓடிப்போய்ப் பின்னாலிருந்து அவனைக் கட்டிப் பிடித்தார். பின்னாலிருந்து தொட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். அவன் உதறியதில் காவலாளி விழுந்து கை முறிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது தம்பி தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தான், ரத்தம் முழங்கை வரை வழிந்திருந்தது. மருத்துவமனைக்குப் போய் அந்தக் காவலாளியைப் பார்த்தேன். விடுங்க ஐயா, எனக்கு யாரும் சொல்லித் தரலை என்றார். அவரை நான் எப்படிக் கோபிப்பேன்.

அருங்காட்சியகத்தில் கூடிப் பேசி, தடை எதுவும் இல்லை, ஆனால் இனிமேல் தனியாக வரக்கூடாது, குடும்பத்தில் ஒருவர் கூட வர வேண்டும் என்று முடிவு செய்தார்கள். தேவைப்பட்டால் அவனைப் பிடித்து நிறுத்தும் தெம்பு அவருக்கு இருக்க வேண்டுமாம். சொன்ன அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்து, உங்களால முடியுமாங்க ஐயா என்று கேட்டார். பெல்ட்டில் நானே ஆணி அடித்துப் போட்ட புது ஓட்டையை அவர் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

தம்பி இப்போதும் செவ்வாய்க்கிழமை காலையில் சட்டை மாட்டி, நீ அனுப்பிய காதுக்கவசத்தைப் போட்டுக்கொண்டு கதவருகே நிற்கிறான். தாழ்ப்பாளில் கை வைக்கிறான். பிறகு கையை எடுத்துவிட்டுச் சட்டையைக் கழற்றி மடிக்கிறான். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

தம்பியைச் சேர்க்கலாம் என்று ஒரு விடுதி பற்றி எழுதியிருந்தாய். கோபப்படாமல் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர்கள்தான். ஆனால் அங்கே எழுவதற்கும் மணி, சாப்பிடுவதற்கும் மணி, படுப்பதற்கும் மணி. திரும்பி வந்துவிட்டேன்.

என் வயிற்று வலிக்கு டாக்டரைப் பார்த்தேன். கவலைப்படாதே. தம்பியைத் தனியே விட முடியாமல் அவனையும் கூட்டிப்போனேன். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம், கூட வேற யாரும் வரலையா என்று கேட்டார். இதோ பையன் வந்திருக்கானே என்றேன். அவர் பையனைப் பார்த்துவிட்டு, வலிக்கு மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

மெதுவக்கா நேற்று வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, அவன் பயப்படுவான் என்று படியிலேயே நின்று அழுதாள். கூட யார் வருவாங்க ஐயா என்று கேட்டாள். அவன் அக்கா வருவா என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான். குட்டியின் பள்ளி விடுமுறைக்கு வருவதாக எழுதியிருந்தாய். அதுவரை காத்திருக்க வேண்டாம் கண்ணு. மாப்பிள்ளையிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்.

டாக்டர் கேட்டதைத் தம்பி பிடித்துக்கொண்டான். இதை எழுதும்போதும் கதவருகே நின்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். கூட வேற யாரும் வரலையா, கூட வேற யாரும் வரலையா. ஒவ்வொரு தடவையும், அக்கா வருவாடா என்று நான் பதில் சொல்கிறேன். எதைக் கேட்டாலும் திருப்பிச் சொல்கிறவன், அந்தப் பதிலை மட்டும் இன்னும் ஒருதடவைகூடத் திருப்பிச் சொல்லவில்லை.

நீயும் உன் வீடும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவை நம்பியிருக்கும்,
அப்பா